நீடாமங்கலம் கேட்டில் ஒன்பது புள்ளி எட்டு

கேட் போட்டு இருபது நிமிடம்.
சரக்கு வண்டியின் இன்ஜின்
கழன்று, முன்னே போய், பின்னே வந்து
எந்தப் பக்கம் தலை என்று
இன்னும் முடிவுக்கு வரவில்லை.
பஸ் ஜன்னல்களுக்குக் கீழே
வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு அஞ்சலாட்சி.
நான் ஸ்கூட்டர் சீட்டின் மேல்
லேப்டாப்பைத் திறந்தேன்.
வேறெங்கே கிடைக்கிறது எனக்கு இருபது நிமிடம்?

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள் நான்.
ஈரம் பதினேழுக்கு மேல் போனால் நெல்லைத் திருப்பு,
இல்லையென்றால் எடு.
ஆறு வரி பைத்தான்.
எழுத எனக்கு ஒன்பது ராத்திரி.

முதலில் திட்டிக்கொண்டே இருந்தது,
சிவப்பில், ஏழெட்டு வரி.
எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட முடியாதாம்.
பதினேழுக்கு இரண்டு பக்கமும்
மேற்கோள் குறி போட்டேன்.
வாயடைத்துப் போயிற்று.
ஜெயித்துவிட்டதாகப் படுத்தேன்.

காலையில் சோதித்தால்,
இருபது புள்ளி ஒன்று: திருப்பு.
பதினைந்து புள்ளி நான்கு: எடு.
ஒன்பது புள்ளி எட்டு,
சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் கிடந்து
அள்ளினால் சலசலக்கிற நெல்:
திருப்பு.

"ஸ்ட்ரிங்கா வச்சிருக்கீங்களே."

பக்கத்து லோடு ஆட்டோவிலிருந்து வந்தது குரல்.
முத்துப்பேட்டை இறால்.
ஐஸ் உருகி ரோட்டில் சொட்டுகிறது.
சேக் உதுமான் என்று கண்ணாடியில் ஒட்டியிருந்தது,
என் வயதுதான் இருக்கும்.
"நானும் புதுசுதாங்க.
வொயில் லூப் வரைக்கும் வந்திருக்கேன்."

எழுத்தாக நினைத்தால்
அது முதல் எழுத்தில்தான் தொடங்குமாம்.
பதினேழின் தலையில் ஒன்று,
இதன் தலையில் ஒன்பது.
"எது பெருசு, நீங்களே சொல்லுங்க."

மேற்கோள் குறியின் கதையைச் சொல்ல
வெட்கமாக இருந்தது. சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
"அது சண்டை போடலைங்க, சாட்சி சொல்லிச்சு.
நீங்க வாயில துணியை வச்சு அமுக்கிட்டீங்க."

குறியை எடுக்கச் சொன்னார்.
ஈரத்தை ஃப்ளோட்டுக்குள் போடச் சொன்னார்.
ஃப்ளோட் என்றால்?
"புள்ளி வச்ச நம்பர்.
எனக்கு என்னவோ வலையில கட்டுற மிதவைன்னே
மனசுல நிக்குது. அப்படியே விட்டுட்டேன்."
கையெல்லாம் இறால் தண்ணி என்று
கீபோர்டைத் தொடவில்லை. நானே அடித்தேன்.

ஒன்பது புள்ளி எட்டு: எடு.

எங்கும் இல்லாத ஒரு விவசாயி
மூட்டையை இறக்கி
துண்டால் முகம் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு பாருங்களேன்" என்று
போனை நீட்டினார்.
ஐஸ் கணக்கு. மணிக்கு ரெண்டு கிலோ கரையணும்,
தீர்ந்ததும் நிக்கணும்.
"கரையவே மாட்டேங்குது. நிக்காம ஓடுது.
இங்க பாருங்க, அங்க எப்படிக் கரையுதுன்னு."
நாலு வரி. இரண்டு இமைப்பு.
கேட் தூக்கிவிட்டார்கள்.

ஹாரன், புகை, பின்னாலிருந்து ஒருவர்
என் பரம்பரையையே இழுத்தார்.
லோடு ஆட்டோ தஞ்சாவூர்ப் பக்கம் திரும்பிவிட்டது.
நம்பர் வாங்கவில்லை.

வெண்ணாற்றுப் பாலத்தில், கீழே மணல் மட்டும் இருக்க,
எனக்குத் தெரிந்தது.
கழிக்கிற வரி லூப்புக்கு வெளியே நிற்கிறது.
இடது ஓரத்தோடு ஒட்டி,
தாமதமாக வந்து வாசலில் நிற்கிற பையன் மாதிரி.
நாலு இடைவெளி உள்ளே தள்ளினால்
அந்த ஐஸ் கரையத் தொடங்கிவிடும்.

மூன்று நாளாக அதே நேரத்துக்குப் போகிறேன்.
கேட் திறந்தே கிடக்கிறது, எனக்கென்று பார்த்து.
கடைசியில் அஞ்சலாட்சியிடம் சொல்லிவைத்தேன்:
இறால் வண்டி வந்தால்
நாலு இடைவெளி உள்ளே என்று சொல்லுங்கள்,
அவருக்குப் புரியும்.

உப்பு மிளகாய்த்தூள் தடவிக்கொண்டிருந்தவள்
நிறுத்திவிட்டுக் கேட்டாள்,
"எதுக்குள்ள?"

ஸ்கூட்டரை ஓரங்கட்டினேன்.